இடது முன் சில்லும் இருபத்தொரு சுற்றும்

மோர்டன்
வியாழக்கிழமை, பின்னேரம்

பெருமதிப்புக்குரிய யோகலிங்கம் அத்தான் அவர்களுக்கு,

மோர்டனிலிருந்து உங்கள் மனைவியின் ஒரே தம்பி தவராசா எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையால் நானும் குமுதினியும் சுகமாக இருக்கிறோம். என் இடது கைப் பெருவிரல் மட்டும் சுகமில்லை, அதன் கதை கீழே வரும். உங்களையும் கலாவதி அக்காவையும் பிள்ளைகளையும் சுகம் விசாரிப்பது முறை என்பதால் விசாரிக்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். ‘கலியாண வீடு’ என்ற வட்ஸ்அப் குழுவிலிருந்து நான் வெளியேறியது உங்களுக்குத் தெரியும். திரும்பச் சேர வேண்டுமென்றால் யாரையாவது கேட்க வேண்டும், கேட்க நான் தயாரில்லை. டெலிபோன் எடுக்கலாம் என்றால், நான் இரண்டு சொல் சொல்வதற்குள் நீங்கள் இருபது சொல் சொல்லி முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி இல்லை. முதலாந்தர முத்திரை ஒட்டி வைத்திருக்கிறேன். தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

நேரே விசயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகள் ஜதுர்ஷிகாவின் கலியாணம். மணப்பெண்ணை வீட்டிலிருந்து மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போக நீங்கள் வாடகைக்குப் பேசி வைத்திருக்கிற அந்த நீட்டு வெள்ளைக் காரை உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை என் காரில்தான் போகிறாள். கார் தயார். அதைத் திருத்தியவன் நான். என்னுடைய இரண்டு கைகளாலும், ஒருவருடைய உதவியும் இல்லாமல், என் வீட்டு வாசலில் வைத்துத் திருத்தினேன்.

மூன்று கிழமைக்கு முன்னர் உங்கள் வீட்டில் கலியாணத்துக்குப் பலகாரச் சூடு நடந்ததே, அன்றைக்குத் தொடங்கிய விசயம் இது. கிங்ஸ்பரியிலும் வெம்பிளியிலும் இருக்கிற சொந்தமெல்லாம் குசினியில் இடம் போதாமல் வாசல் வரைக்கும் நிற்க, நான் குமுதினியையும் அவள் வறுத்து அரைத்த பயற்றம் மாவையும் ஏற்றிக்கொண்டு வந்து உங்கள் கேற்றடியில் காரைத் திருப்பினேன். திருப்பும்போது முன்னால் ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது உண்மைதான். நான் மறுக்கவில்லை. பதினேழு வயதுக் கார் கொஞ்சம் சத்தம் போடும். அறுபத்திரண்டு வயதில் நான் கதிரையை விட்டு எழும்பும்போதும்தான் சத்தம் கேட்கிறது, அதற்காக என்னை யாரும் பழைய இரும்புக்குப் போடச் சொல்லவில்லை. நீங்கள் கேட்காத மாதிரி இருந்திருக்கலாம். ஆனால் கிங்ஸ்பரியில் கார் திருத்துகிற கராஜ் வைத்திருக்கிறவர் அல்லவா, கை சும்மா இருக்குமா? பாதி கடித்த பயற்றம் பணியாரத்தை வாயில் கவ்விக்கொண்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, என் காரின் இடது முன் சில்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினீர்கள். அது ஆடியது. பணியாரத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அத்தனை சனத்துக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னீர்கள்.

“கண்ணாடிக்குப் பின்னாலை இருந்து பெற்றோல் வித்தவனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? இதிலை என்ரை பிள்ளையை ஏத்த விடமாட்டன்.”

எல்லோரும் சிரித்தார்கள். எண்ணெய்த் தாச்சியில் சிப்பிப் பலகாரம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கூடச் சிரித்தார்கள். அக்கா ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை, தாச்சியைப் பார்த்தபடி நின்றாள். அப்போதுதான் நான் இந்தக் காரை என் கையாலேயே திருத்தி, பிள்ளையை இதிலேயே கொண்டுபோய் மண்டபத்தில் இறக்குவேன், அதுவரைக்கும் உங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வருகிற வழியில் குழுவையும் விட்டு வெளியேறினேன். அன்றைக்குக் குமுதினிக்கு ஒரு பணியாரம்கூடக் கிடைக்கவில்லை, அதையும் நான் மறக்கவில்லை.

அத்தான், இருபத்துநாலு வருடம் நான் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன். அது பொய்யில்லை. அதில் இருந்துதான் இந்த வீட்டை வாங்கினேன், ஊரிலிருந்து ஆறு பேரை இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னது எனக்கு நொந்தது. அதைவிட நொந்தது ‘என்ரை பிள்ளை’ என்று சொன்னது. உங்கள் பிள்ளைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவள் கார் ஓடப் பழகியது யாருடைய காரில் என்று நினைத்துப் பாருங்கள். முதல் நாள் உங்கள் காரில் நீங்கள்தான் பழக்கப் போனீர்கள். ரவுண்டபவுட்டில், அந்தச் சுற்றுவட்டத்தில் வைத்து நீங்கள் போட்ட சத்தத்தில் பிள்ளை நடு றோட்டில் காரை நிற்பாட்டிவிட்டு இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னால் நின்ற கார்க்காரர் எல்லோரும் ஹோர்ன் அடிக்க நீங்கள் தனியே இருந்தீர்கள் என்று அக்கா சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கிங்ஸ்பரியிலிருந்து ட்ரெயின் மாறி மாறி மோர்டனுக்கு வந்து, என்னுடைய காரில் என் பக்கத்தில் இருந்து பழகினாள். இரண்டு தரம் சோதனையில் தவறினாள். நான் ஒரு சொல் சொல்லவில்லை. மூன்றாம் தரம் பாஸ் பண்ணிய அன்றைக்கு, ஸ்ரியறிங்கை விட்டுக் கையை எடுக்காமலே சொன்னாள்.

“மாமா, ஐ ப்ரொமிஸ். என்ர வெடிங்குக்கு நான் இந்தக் கார்லதான் போவன். நீங்கதான் ட்ரைவ் பண்ணோணும்.”

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் மறந்துவிட்டிருப்பாள் என்று நினைத்தேன். கலியாணம் நிச்சயமானதும் முதல் வேலையாக டெலிபோன் எடுத்து, கார் இருக்கிறதுதானே என்று கேட்டாள். எனக்கும் குமுதினிக்கும் பிள்ளைகள் இல்லை. எங்களுக்கு இப்படியொரு வாக்கை வேறு ஒருவரும் தந்ததில்லை. அதனால் இதை நான் விட மாட்டேன், நீங்கள் எத்தனை வெள்ளைக் கார் கொண்டுவந்து நிற்பாட்டினாலும் விட மாட்டேன்.

முதலில் உங்களைப் பொய்யனாக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு, மோர்டனிலேயே ஒரு இடத்தில் காரை எம்.ஓ.ரி. சோதனைக்குக் கொடுத்தேன். எப்படியும் இந்த மாதம் வருடாந்தச் சோதனை செய்ய வேண்டியதுதான். அங்கே இருந்த சோதனைக்காரர், வாயில் பணியாரம் இல்லாமல், அதே சில்லைப் பிடித்து ஆட்டினார். அது அதே மாதிரி ஆடியது. இடது பக்கத்து ட்ராக் ரொட் எண்ட் தேய்ந்துவிட்டது, மாற்றாமல் பாஸ் பண்ண ஏலாது என்று எழுதித் தந்தார். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஆனால் இந்தக் கடிதத்தை அக்காவும் வாசிப்பாள் என்பதால் எழுதுகிறேன்: ஸ்ரியறிங்கைத் திருப்பினால் ஒரு கம்பி போய்ச் சில்லைத் திருப்புகிறது, அந்தக் கம்பியின் நுனியில் இருக்கிற மூட்டுக்குத்தான் அந்தப் பெயர். ஆகவே காரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை இங்கே எழுத்தில் தருகிறேன், ஒருமுறைதான் தருவேன். என்னைப் பற்றி நீங்கள் சொன்னது பிழை.

புது மூட்டை வாங்கிக்கொண்டு வந்து, திங்கட்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். காரை ஜக்கில் உயர்த்தி, ஜக்கை மட்டும் நம்பாமல் தாங்கு கட்டையும் வைத்துத்தான் கீழே படுத்தேன், அதை உங்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன். கொம்பியூட்டரில் ஒரு வெள்ளைக்காரர் இதைச் செய்து காட்டுகிற படத்தை நான்கு தரம் பார்த்திருந்தேன். அவர் நட்டைக் கழற்றுகிறார், சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுகிறார், மூட்டு தானாகவே கையில் விழுகிறது, அவர் சிரிக்கிறார். விளம்பரத்தோடு சேர்த்து ஆறு நிமிடம். எனக்கு நட்டு அசைவதற்கே திங்கட்கிழமை முழுவதும் போனது. எண்ணெய் அடித்தேன், ஊற விட்டேன், பிறகு ஸ்பனரில் ஒரு நீளக் குழாயை மாட்டி, குழாயில் நானும் தொங்கினேன். பின்னேரம் ஐந்து மணிக்கு ‘கிறீச்’ என்றது. நட்டா என்னுடைய தோள்மூட்டா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை, பிறகு பார்த்தால் நட்டு.

நட்டு வந்துவிட்டது, இனி ஒரு தட்டுத்தான் என்று செவ்வாய்க்கிழமை எழும்பினேன். தட்டினேன். மூட்டுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. நாற்பத்துமூன்று அடி அடித்தேன், எண்ணி அடித்தேன். நாற்பத்துநாலாவது என் பெருவிரலில் விழுந்தது. குமுதினி ஓடிவந்து ஃப்ரீசரில் இருந்த தேங்காய்ப்பூப் பக்கற்றை எடுத்து விரலில் வைத்துக் கட்டினாள். இரவு அதே தேங்காய்ப்பூவில் சம்பல் அரைத்தாள், நான் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டேன். பிறகு கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றினேன். இரண்டு பல்லுள்ள ஒரு இரும்பை இடையில் செருகி அடித்தேன். மூட்டைச் சுற்றி இருந்த ரப்பர் கிழிந்தது, உள்ளே இருந்த கிறீஸ் என் முகத்துக்கு வந்தது, மூட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மோர்டனில் தமிழ்ச் சனம் நடக்கிற தெருவில் ஒருவர் காருக்குக் கீழே படுக்கக் கூடாது. வேலைக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர், மரக்கறி வாங்கிக்கொண்டு வருகிறவர், ஒருவர் பாக்கியில்லாமல் நின்று குனிந்து பார்த்து ஒவ்வொரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் டீசல் ஊற்றச் சொன்னார். ஒருவர் கோலா ஊற்றச் சொன்னார். ஒருவர் ஒன்றுமே சொல்லாமல் கன நேரம் நின்றார், நான் காலை அசைத்த பிறகுதான் போனார். என்னுடைய இரண்டு காலும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிற படம் ஒன்று உங்கள் குழுவுக்கு வந்ததாகவும், அதற்குப் பதினாறு பேர் கைகூப்பி, ஒருவர் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்ததாகவும் குமுதினி சொன்னாள். அவள் இன்னும் குழுவில் இருக்கிறாள். அனுதாபம் தெரிவித்தவர் யாரென்று எனக்குத் தெரியும், கலியாணத்தன்று நேரில் நன்றி சொல்வேன்.

புதன்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக் கிளறிற்றா அக்கா வந்தார். மன்னார் ஆள், இங்கே பெரியாஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் மருத்துவிச்சியாக இருந்து இளைப்பாறியவர். இரண்டு நாளும் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், ஸ்பனரும் சுத்தியலும் கிடக்கிற, காலஞ்சென்ற தன் புருசனுடைய ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் இரண்டு பக்கமும் மூட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, திருகத் திருக நடுவில் தள்ளுகிற ஒரு கருவி இருந்தது. கருவி இரவல் வாங்குவது உதவியில் சேராது, அதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். கருவியோடு சேர்த்து இதையும் சொன்னார்.

“அடியாதேங்கோ தம்பி, இவ்வளவு அடிச்சும் வரேல்லை எண்டால் அடிச்சு வராது. இதைப் பூட்டி, ஏலுமட்டும் இறுக்கிப்போட்டு விடுங்கோ. நட்டை நுனியிலை கொழுவி விடுங்கோ, இல்லாட்டி வரேக்கை பாய்ஞ்சு வந்து ஆரையும் அடிச்சுப்போடும். பிறகு போய்த் தேத்தண்ணி குடியுங்கோ. அது தன்ரை நேரத்துக்கு வரும்.”

இது காரைப் பற்றியா, பிள்ளைப்பேற்றைப் பற்றியா என்று கேட்டேன். இரண்டுக்கும் ஒரே முறைதான், பிள்ளைப்பேற்றில் தேத்தண்ணி குடிக்க விடமாட்டார்கள் என்றார்.

பூட்டினேன், இறுக்கினேன். அசையவில்லை. இன்னும் இறுக்கினேன். கருவி வளைந்துவிடுமோ என்று பயம் வருகிற அளவுக்கு இறுக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தேன். பிறகு சோறும் சாப்பிட்டேன். வாசல் பக்கம் பார்க்கவே மனமில்லை. உங்களுக்கு டெலிபோன் எடுப்போமா என்று குமுதினி ஒரு தரம் கேட்டாள், நான் அவளைப் பார்த்த பார்வையில் அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு வாசலில் ‘டமார்’ என்று ஒரு வெடி. குமுதினி கையில் இருந்த அகப்பையைப் போட்டுவிட்டாள். முன் வீட்டு நாய் கட்டிலுக்குக் கீழே போய்ப் பின்னேரம் வரைக்கும் வரவில்லையாம். தெருவே கதவைத் திறந்து பார்க்க, நான் ஓடிப் போய்ப் பார்த்தால், மூட்டு கழன்று நுனி நட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் அந்த நேரம் அதைத் தொடக்கூட இல்லை, அது உண்மை. ஆனாலும் இறுக்கியவன் நான்.

சந்தோசத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றச் சொல்லிவிட்டு நின்றபோதுதான் கிளறிற்றா அக்கா குனிந்து இடது பக்கத்தைப் பார்த்தார், பிறகு சுற்றிப் போய் வலது பக்கத்தைப் பார்த்தார். வலது பக்கத்தில் பதினேழு வருடத்துக்கு உரிய ஊத்தை, அவ்வளவுதான். இடது பக்கத்தில் துரு பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுகிறது. இந்தப் பக்கத்துச் சில்லை மட்டும் கடலுக்குள் விட்டு ஓடினீர்களா என்று கேட்டார். குமுதினி தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் உள்ளே போகத் திரும்பினாள். அவள் இப்படி நழுவினால் அதில் ஏதோ இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியும். மெல்ல மெல்ல விசாரித்ததில் வெளியே வந்தது.

இந்தக் காரை வாங்கிப் பதினாலு வருடம். வாங்கிய கிழமையே, வெள்ளிக்கிழமை பின்னேரம், கண்ணூறு கழிக்க உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துக் காரைச் சுற்றிவிட்டு, உள்ளே கொண்டுவந்து அடுப்பில் போட்டிருக்கிறாள். புகை மணி அடித்து, தீயணைக்கிற வாகனம் தெருவுக்குள் வந்தது எனக்கும் நினைவிருக்கிறது, அன்றைக்கு என்ன எரிந்தது என்று எனக்கு அவள் இதுவரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு நெருப்பை விட்டுவிட்டு, உப்பையும் மிளகாயையும் ஒரு கிண்ணம் தண்ணீரில் கரைத்து, நான் வேலையால் வந்து குளிக்கிற நேரம் பார்த்து, காரை மூன்று தரம் சுற்றி, இடது முன் சில்லில் ஊற்றிவந்திருக்கிறாள். ஏன் இடது சில்லு என்றால், குசினிக் கதவுக்கு அதுதான் கிட்ட. பதினாலு வருடத்து வெள்ளிக்கிழமைகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன், அவள் முந்திவிட்டாள்.

“கண்ணூறு பட்டிருந்தால் கார் எப்பவோ போயிருக்கும். துருதானே பிடிச்சது.”

இதில் உங்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. யாருடைய கண்ணுக்காக இவ்வளவு உப்பு என்று கேட்டேன். நீங்கள் வந்து காரைப் பார்த்துவிட்டுப் போகிற நாட்களில் மட்டும் இரண்டு பங்கு போட்டாளாம். ஆகவே இந்த மூட்டு இறுகிப் போனதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அத்தான். இதை நீங்கள் குழுவில் போட்டாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

இன்றைக்குக் காலையில் பழைய மூட்டைக் கம்பியிலிருந்து கழற்றிப் புதியதைப் பூட்டினேன். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வருகிறது என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றுத்தான் உள்ளே விட வேண்டும், அப்போதுதான் சில்லு நேராக நிற்கும் என்று அந்தப் படத்தில் சொன்னார்கள். நான் கவனமாக எண்ணினேன். பதினெட்டு. மறக்காமல் இருக்க உள்ளங்கையிலும் எழுதினேன். புதியதில் பதினெட்டாவது சுற்றை முடித்து, பூட்டு நட்டை இறுக்கப் போகிற நேரத்தில், கலியாணத்துக்குத் தட்டம் எத்தனை என்று பேப்பரில் எழுதிக்கொண்டு வாசலில் நின்ற குமுதினி எட்டிப் பார்த்தாள். என்ன எண்ணுகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். நல்ல காரியத்துக்குப் போகிற காரில் இரட்டை எண்ணா என்று நெஞ்சில் கை வைத்துவிட்டாள். நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வைக்கிற தட்டம் இருபத்தொன்று, இதுவும் இருபத்தொன்றாக இருக்கட்டும் என்றாள். முதல் நாள் உப்பு விசயத்தில் அவளைப் பேசப் போனது மனதுக்குள் கிடந்தது. மூன்று சுற்றில் என்ன வந்துவிடப் போகிறது? இருபத்தொன்றாக்கி, இறுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சில்லைப் பூட்டினேன்.

ஸ்ரியறிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். டொக் இல்லை. டொக் என்ற பேச்சுக்கே இடமில்லை. சில்லு நேரே நிற்கும்போது ஸ்ரியறிங் மட்டும் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து நிற்கிற மாதிரித் தெரிகிறது, அது என்னுடைய உயரத்துக்கு வசதியாகத்தான் இருக்கிறது. நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு அதே இடத்தில் மறு சோதனை, நேரம் எடுத்து வைத்திருக்கிறேன். அது வெறும் சம்பிரதாயம்.

ஆகவே ஒழுங்கு இதுதான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் கிங்ஸ்பரியில் உங்கள் வாசலில் நிற்பேன். பின் சீற்றில் பிள்ளையும் அக்காவும். முன் சீற்றில் குமுதினி தட்டத்தோடு இருப்பாள். காரில் வேறு இடம் இல்லை. நீங்கள் உங்கள் வான் வண்டியில் பின்னால் வாருங்கள், என்னுடைய காரிலிருந்து ஒரு சத்தமும் வராததைக் கேட்டுக்கொண்டே வரலாம். மண்டப வாசலில் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகுதான் உங்கள் செலவில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பேன்.

அக்காவுக்கு என் அன்பு. மகன் அபிஷனுக்கு மாமா விசாரித்ததாகச் சொல்லவும், அந்த வெள்ளைக் காரைத் தேடிப் பிடித்தது அவன்தான் என்று தெரிந்தும் விசாரிக்கிறேன். ஜதுர்ஷிகா நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் குமுதினியும் தினமும் விளக்கேற்றிக் கேட்கிறோம். உங்களுக்கு, முறை தவறக் கூடாது என்பதால், வணக்கம்.

இப்படிக்கு,
கண்ணாடிக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த
தவராசா

பி.கு. – வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. மேலே எழுதியதை இன்னும் தபாலில் போடவில்லை, போடவும் தேவையில்லை. சோதனைக்குப் போகிற வழியில் போடலாம் என்று கடிதத்தையும் எடுத்துக்கொண்டு எட்டரைக்குப் புறப்பட்டேன். சோதனை செய்கிற இடம் எங்கள் தெரு முடிவில் வலது பக்கம். தபால் பெட்டியும் வலது பக்கம். கார் இடது பக்கம் திரும்புவதற்கு மட்டும்தான் சம்மதித்தது. இரண்டு கையாலும் வலது பக்கம் பிடித்து இழுத்தேன், ரயர் அழுதது, கார் இடது பக்கம் போனது. இடம், இடம், இடம் என்று திரும்பி, என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தேன். கிளறிற்றா அக்கா பூவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார், கை காட்டினார், நானும் காட்டினேன். இரண்டாம் தரம் வந்தபோது அவர் கை காட்டவில்லை. மூன்றாம் தரம் கார் என்னைக் கேளாமல் நடைபாதையில் ஏறி, ஒரு வேலிச் செடிக்குள் மூக்கை வைத்து நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. செடிக்குத்தான் கொஞ்சம்.

காரை ஏற்றிக்கொண்டு போகிற லொறி வந்தது. எங்கே கொண்டுபோக வேண்டும் என்று ட்ரைவர் கேட்டார். மோர்டனிலேயே நான்கு கராஜ் இருக்கிறது. என்னுடைய வாய் என்னைக் கேளாமல் கிங்ஸ்பரி, அத்தானின் கராஜ் என்று சொல்லிவிட்டது.

இதை லொறியின் முன் சீற்றில் இருந்து எழுதுகிறேன், வந்து கையிலேயே தருவேன், எழுத்து ஆடுவதற்கு மன்னிக்கவும். வழியில் ஜதுர்ஷிகாவுக்கு டெலிபோன் எடுத்தேன். அழுவாள் என்று பயந்தேன், அவள் சிரித்தாள்.

“மாமா, அப்பா அந்த வைட் காருக்கு இன்னும் கொன்ஃபர்ம் பண்ணேல்ல. உங்கட காருக்கு பார்ட் வாங்கி மேசையில வச்சு த்ரீ வீக்ஸ் ஆச்சு. யூ டூ ஆர் தி சேம்.”

அத்தான், இது உதவி கேட்கிற கடிதம் இல்லை. சில்லு நேர் பார்க்கிற மெசின் உங்களிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை, கருவி இரவல் வாங்குவது உதவியில் சேராது என்று மேலே ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். பூட்டு நட்டைத் தளர்த்தி மூன்று சுற்றை வெளியே எடுங்கள். பதினெட்டுத்தான் சரி. குமுதினி கேட்டால் இருபத்தொன்று என்று சொல்லுங்கள். மறு சோதனையை நாளைக்குக் காலைக்கு மாற்றியிருக்கிறேன். நீங்கள் வாங்கி வைத்திருக்கிற மூட்டை வலது பக்கத்துக்குப் போடலாம் என்றால் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன், ஆனால் சுத்தியல் நான் பிடிப்பேன். தேத்தண்ணி தந்தால் குடிப்பேன். பணியாரம் மிஞ்சியிருந்தால் குமுதினிக்கு இரண்டு எடுத்து வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காரை ஓடுவது நான்தான், அதில் ஒரு மாற்றமும் இல்லை. முன் சீற்றைப் பற்றிக் குமுதினியோடு கதைத்துவிட்டேன், அவள் தட்டத்தோடு அபிஷன் ஓடுகிற வான் வண்டியில் வருவாள். பிள்ளையின் அப்பா முன்னால் இருக்கட்டும் என்று அவளே சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை: ரவுண்டபவுட்டில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது.